ஏழு நாளும் எட்டு மணி

பரண்மேல் கிடந்த பையைத் திறந்ததும் ரப்பர் வாசனையும் பற்பசை வாசனையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. குவார்ட்டர்சுக்கு வெள்ளையடிக்க ஆள் வருகிறார்கள், சாமான்களை ஒதுக்கி வையுங்கள் என்று நோட்டீஸ் வந்திருந்தது. அதற்காகத்தான் ஏணி போட்டு ஏறினேன். உள்ளே நீங்கள் கடலுக்குள் பார்க்கப் போட்டுக்கொண்ட கண்ணாடியும், வாயில் கவ்வுகிற வளைந்த குழாயும் இருந்தன. கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க நாம் தேய்த்த பற்பசை, சரியாகக் கழுவாததால் ஓரத்தில் வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. கழுவியிருக்க வேண்டியவள் நான்தான்.

ஏணியின் மேல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன் அக்கா. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரர், "இறங்குறியா, இல்ல அங்கயே தனி குவார்ட்டர்ஸ் அலாட்மென்ட் வாங்கிட்டியா?" என்று கேட்டார். பையைக் காட்டினேன். அவர் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. உங்களைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சு இப்படித்தான் பாதியில் நின்றுவிடும்.

மைன்ஸ் டைம் ஆபீசில் இருபத்திரண்டு வருடம் நாம் ஒன்றாக இருந்தோம். உங்கள் வீட்டுக்காரர் சுரங்கத்தில் தவறிய பிறகு கிடைத்த அட்டெண்டர் வேலை உங்களுடையது. நான் கிளார்க். வாரத்துக்கு ஒருமுறை யார் முதல் ஷிப்ட், யார் இரண்டாம் ஷிப்ட், யார் நைட் என்று சார்ட் போடுவது என் வேலை, அதைப் போர்டில் ஒட்டுவது உங்கள் வேலை. திங்கட்கிழமை ஒட்டினால் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அசையாது. யாராவது வந்து மாற்றித் தரச்சொல்லிக் கெஞ்சினால், "ஒட்னது ஒட்னதுதான், பசை காஞ்சிபோச்சி, போங்க" என்று நீங்கள் விரட்டுவீர்கள். எனக்குச் சிரிப்பாக இருக்கும். கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும்.

உங்களுக்கு அந்தக் கடல் ஆசை வந்ததும் அதே ஆபீசில்தான். கம்பெனி தரும் பயணச் சலுகையான எல்.டி.சி.யில் அந்தமான் போய் வந்த ஒருவர், கடலுக்குள் எடுத்த வீடியோப் படத்தை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனில் போட்டுக் காட்டினார். மஞ்சளும் ஊதாவுமாக மீன்கள், விசிறிபோல அசைகிற பவளம், நடுவில் கோமாளி வேஷம் கட்டியதுபோல ஒரு குட்டி மீன். நீங்கள் சாப்பாட்டுக் கையோடு போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டீர்கள். "நம்ம ஊர்ல தோண்டத் தோண்ட பழுப்பும் கருப்பும்தான் வருது. தண்ணிக்குள்ள இவ்ளோ கலரு இருக்குதுன்னு ஒருத்தனும் சொல்லலையே கலா" என்றீர்கள். போனில் ரசம் ஒழுகியது. அவர் முறைத்தார். நீங்கள் இன்னொரு முறை போடச் சொன்னீர்கள்.

எல்லோரும் எல்.டி.சி. எடுத்து டெல்லிக்கும் காசிக்கும் போய்க்கொண்டிருந்தபோது நீங்கள் ஒருமுறைகூட எடுத்ததில்லை. தாஜ்மகாலைத்தான் காலண்டரில் பார்த்துவிட்டேனே என்பீர்கள். அந்த வருடம் திடீரென்று ஃபாரம் கேட்டீர்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். சர்க்கரை உங்கள் வலது கண்ணை முன்பே தின்றுவிட்டிருந்தது. இடது கண்ணுக்கு மாதம் ஒருமுறை புதுச்சேரி போய் ஊசி போட்டுக்கொண்டிருந்தோம். பஸ்ஸில் உங்களுக்குத் துணை நான். நீங்கள் ஃபாரம் கேட்பதற்கு முந்தின வாரம் போனபோது டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. இருக்கிற பார்வை ஒரு வருடம் தாங்கினால் பெரிது, பார்க்க வேண்டியதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். திரும்பும்போது பஸ் நெல்லிக்குப்பம் தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தீர்கள். பிறகு, "கண்ணு கெட்டப்புறம் சூரிய நமஸ்காரம்னு ஆயிடக்கூடாது கலா. அந்த மீனப் பாத்துடணும்" என்றீர்கள். வேறெதையும் நீங்கள் என்னிடம் கேட்டதில்லை.

அதனால் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். அங்கேதான் தப்பு ஆரம்பித்தது.

ஒரு தீவில் எந்தக் கரையில் இறங்கினால் கடலுக்குள் நன்றாகத் தெரியும் என்பது லேசுப்பட்ட படிப்பு இல்லை. இரண்டு மாதம் மத்தியான நேரத்தில் அதையே படித்தோம். நான் போனில் படிப்பேன், நோட்டில் எழுதுவேன், நீங்கள் வெற்றிலையை மென்றுகொண்டு கேள்வி கேட்பீர்கள். அழகான கரை எல்லாம் நல்ல கரை இல்லை என்பதை முதலில் தெரிந்துகொண்டோம். வெள்ளை மணலும் பெரிய அலையும் உள்ள இடம் போட்டோவுக்குத்தான் லாயக்கு. அலை மணலைக் கிளறிவிட்டால் உள்ளே கலங்கல்தான். பவளப்பாறை கரைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஆனால் கால் வைக்கிற இடம் மணலாக இருக்க வேண்டும். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிற மாசமோ, அதற்கு முதுகைக் காட்டுகிற கரை வேண்டும். ஓடை வந்து கலக்கிற இடம் கூடாது, கலங்கலோடு முதலையும் வரலாம் என்று போட்டிருந்தது. முதலை என்றதும் நீங்கள், "நமக்குப் பாக்காத முதலையா? யூனியன் எலக்சன்ல எவ்ளோ பாத்தாச்சி" என்றீர்கள்.

ஹேவ்லாக் தீவில் கரைகளுக்கு மூன்றாம் நம்பர், ஐந்தாம் நம்பர், ஏழாம் நம்பர் என்று பெயர். அதைக் கேட்டு நீங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "அங்கயும் நம்ம டவுன்ஷிப் மாதிரி பிளாக் போட்டுதான் குடியிருக்குறானா? அப்ப நமக்கு வழி தப்பாது." அதில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். ஒன்றில் படகிலிருந்து குதிக்க வேண்டும், ஒரு கண்ணால் தடவி நடக்கிற உங்களுக்கு அது ஆகாது. ஒன்றில் கூட்டம். ஒன்றில் பாறை வழுக்கும். கடைசியில் பக்கத்திலிருக்கிற நீல் என்ற சின்னத் தீவில் ஒரு கரை கிடைத்தது. மணலில் இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்தாலே பவளம் தெரியும். அலை கிடையாது. உங்களுக்கென்றே செய்து வைத்ததுபோல இருந்தது. கடல் ஏறியிருக்கும்போது மட்டும் இறங்க வேண்டும், கடல் வற்றிவிட்டால் பாறைதான் மிஞ்சும் என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். நாம் போய்ச் சேரும் திங்கட்கிழமைக்கு ஏற்றம் எத்தனை மணி என்று பார்த்தேன். காலை எட்டு.

நோட்டில் கோடு போட்டுக் கட்டம் கட்டினேன். திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு கட்டம். முதல் கட்டத்தில் எட்டு மணி என்று எழுதி, மற்ற ஆறிலும் மேற்படிக்குப் போடும் இரட்டைக் கோட்டைப் போட்டேன். ஒரு வாரத்துக்கு ஒரு ஷிப்ட். இருபத்திரண்டு வருடமாகப் போட்ட கை அது. நீங்கள் அதை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, "கடலுக்கு இந்த வாரம் முதல் ஷிப்ட்டா? சரிதான்" என்றீர்கள். இருவரும் சிரித்தோம். இன்னொரு நாளைக்கு மணி பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை அக்கா. காற்றைப் பார்த்தேன், முதலையைப் பார்த்தேன், மணலைப் பார்த்தேன். அதைப் பார்க்கவில்லை.

ஒத்திகை உங்கள் வீட்டுப் பின்பக்கத்துச் சிமெண்டுத் தொட்டியில் நடந்தது. நைட்டியோடு முட்டி போட்டு, கண்ணாடியை மாட்டி, குழாயைக் கவ்விக்கொண்டு முகத்தை உள்ளே வைப்பீர்கள். நான் அடியில் உடைந்த கண்ணாடி வளையல்களைப் போட்டு வைத்திருப்பேன். எந்தக் கலர் எங்கே கிடக்கிறது என்று தலையைத் தூக்கிச் சொல்ல வேண்டும். முதல் நாள் மூக்கால் மூச்சிழுத்துப் புரையேறி, "கொலகாரி, ஆளப் பாத்தா டைம் ஆபீசு, செய்யிறது கொலக் கேசு" என்று திட்டினீர்கள். பக்கத்து வீட்டம்மா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, இந்த அக்காவுக்கு என்ன ஆச்சு என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டாள். பத்தாம் நாள் பச்சை, சிவப்பு, நீலம் என்று மளமளவென்று சொன்னீர்கள். அன்றைக்கு உங்கள் முகம் எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை.

போனோம். திங்கள், செவ்வாய் போர்ட் பிளேர். புதன்கிழமை கப்பலில் ஹேவ்லாக். வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும், கரையில் ஒரு படகுக்காரர் தமிழிலேயே பேச்சுக் கொடுத்தார். பவளம் உள்ள இடத்துக்குக் கூட்டிப் போகிறேன், தண்ணீர் கண்ணாடிபோல இருக்கிறது, அம்மாவை நான் பிடித்துக்கொள்கிறேன் என்றார். நீங்கள் பையைத் திறந்து கண்ணாடியைக் கையில் எடுத்துவிட்டீர்கள்.

"போவலாமா கலா?"

"வேணாங்கா. படகுலேருந்து குதிக்கணும். ஞாயித்துக்கெழம நம்ம எடத்துலயே நிதானமாப் பாத்துக்கலாம். நோட்டுல போட்டிருக்குல்ல."

"நோட்டுல போட்டுட்டியா? அப்ப சரி" என்று கண்ணாடியைத் திரும்பப் பைக்குள் வைத்தீர்கள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஊரில் அத்தனை பேரை அதட்டுகிற நீங்கள் என்னை ஒரு வார்த்தை அதட்டியிருக்கலாம்.

சனிக்கிழமை இருட்டும் நேரத்தில் நீல் தீவில் இறங்கி, ஞாயிற்றுக்கிழமை ஏழே முக்காலுக்கே கரைக்குப் போய்விட்டோம். பகல் பன்னிரண்டுக்கு போர்ட் பிளேர் திரும்பும் கப்பல், மறுநாள் விடியற்காலையில் சென்னைக்கு விமானம். கடல் அங்கே இல்லை. எங்கோ தூரத்தில் ஒரு கோடாகக் கிடந்தது. நமக்கும் அதற்கும் நடுவில், கண்ணுக்கெட்டிய தூரம், பழுப்பும் கருப்புமாகப் பாறை காய்ந்துகொண்டிருந்தது. நீங்கள் நெற்றியில் கை வைத்து ரொம்ப நேரம் பார்த்தீர்கள்.

"என்னா கலா, நம்ம மைன்ஸ் மாதிரியே இருக்குது?"

கண்ணாடி வாடகைக்கு விடுகிற ஒருவர் அங்கே நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். தாத்தா காலத்தில் இராமநாதபுரம் பக்கமிருந்து போன குடும்பம். அவரிடம் ஓடினேன். தண்ணீர் எப்போது வரும் என்றேன்.

"ஏழு மணிக்குத்தான் நல்லா வத்துச்சு. இனி பகல் ஒரு மணி ஆகும்மா நெறைய."

"எட்டு மணின்னு போட்டிருந்துச்சே!"

"அது திங்கக்கெழமைங்க. தெனமும் அம்பது நிமிசம், ஒரு மணி நேரம்னு தள்ளிக்கிட்டே போகும்ல. நெலாவு மாதிரி." பிறகு, என் முகத்தைப் பார்க்காமலே, "வியாழக்கெழம வந்திருக்கணும் நீங்க. பத்து மணிக்கு அருமையான தண்ணி" என்றார்.

நீங்கள் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டீர்கள். நான் திரும்பியபோது சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தீர்கள். நான் அழுதேன். "ஏ, எதுக்கு அழுவுற? ஆனைக்கும் அடி சறுக்கும்னுவாங்க. உன் ஒடம்புக்கு சறுக்குனா என்னா?" என்றீர்கள். அந்த நேரத்திலும் என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கப்பல் டிக்கெட்டை மாற்றப் படகுத்துறைக்கு ஆள் அனுப்பிப் பார்த்தேன். சாயங்காலக் கப்பலில் இடமில்லை என்று வந்து சொன்னார்கள். பத்து மணிக்கு முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறியது. மணலோடு சேர்ந்து டீ நிறத்தில் இருந்தது. நீங்கள் எழுந்து கண்ணாடியை மாட்டினீர்கள். தொட்டியில் செய்ததுபோலவே முட்டி போட்டு முகத்தை உள்ளே வைத்தீர்கள். கரையில் நின்று உங்கள் முதுகையும் மேலே நீட்டிக்கொண்டிருந்த குழாயையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் இருக்கும். எழுந்து வந்து, "பாத்துட்டேன் கலா. ஒரு மீனு. மஞ்ச கலரு, இத்தாந்தண்டி. என் மூஞ்சிகிட்ட வந்து நின்னுச்சி" என்று கையால் அளவு காட்டினீர்கள். முகத்தில் கண்ணாடி பதிந்த கோடு வட்டமாகச் சிவந்திருந்தது. நான் நம்பினேன். நம்ப எனக்கு அவ்வளவு ஆசை.

ஆபீசில் எல்லோரிடமும் அந்த மஞ்சள் மீனைப் பற்றிச் சொன்னீர்கள். சொல்லச் சொல்ல மீனுக்கு வாலும் கோடும் முளைத்தன. நாலு மாதத்தில் இடது கண்ணுக்குள் இரத்தம் கசிந்தது. ஊசிக்கு நிற்கவில்லை. டாக்டர் சொன்ன ஒரு வருடம்கூட முழுதாக வரவில்லை. நீங்கள் வேலையை விட்டு உங்கள் மகன் குவார்ட்டர்சில் ஜன்னலோரம் உட்கார்ந்தீர்கள். பிறகு சிறுநீரகமும் போய், வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் என்றானது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தேன். பலாச்சுளை கொண்டுவந்திருந்தேன், உங்களுக்கு ஆகாது என்று தெரிந்தே ஒரு சுளையைக் கையில் கொடுத்தேன். மோந்துவிட்டு வைத்துவிட்டீர்கள். மருமகள் சமையற்கட்டில் இருந்தாள். அவளுக்குக் கேட்காத குரலில் சொன்னீர்கள்.

"அந்த மஞ்ச மீனு பொய்யி கலா. ஒன்னும் தெரியல. வெறும் மண்ணுதான் சுத்திகினு இருந்துச்சி. நீ அழுதுகினு நின்னியே, அதான் சொன்னேன்."

நீங்களே தொடர்ந்தீர்கள்.

"நீ எறங்குனியா அன்னிக்கி? நான் துணி மாத்திகினு இருந்தேனே, அப்ப நீ தண்ணிப் பக்கம் போன. ஏதாவது பாத்தியா? பாத்திருந்தா சொல்லு."

நான் போனது முகம் கழுவ. உங்கள் முகம் ஜன்னல் பக்கம் இல்லாமல் என் குரல் வந்த பக்கம் திரும்பிக் காத்துக்கொண்டிருந்தது. பார்த்தேன் என்றேன். ஆரம்பித்தேன். பாறை ஓரமாகக் கொஞ்சம் தெளிந்திருந்தது அக்கா, ஊதா நிறத்தில் பவளம், விசிறி மாதிரி அசைந்தது, அதற்குள்ளிருந்து ஒரு குட்டி மீன் எட்டிப் பார்த்தது, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை என்று சொல்லிக்கொண்டே போனேன். குரல் நன்றாகத்தான் வந்தது. நீங்கள் கடைசிவரை கேட்டீர்கள். என் கையைத் தேடிப் பிடித்துத் தட்டிக்கொடுத்தீர்கள்.

"அது அந்த போன்ல வந்த படம் கலா. அதுக்கப்புறம் ஒரு ஆமை வரும்" என்றீர்கள்.

அதற்குப் பிறகு நாம் கடலைப் பற்றிப் பேசவில்லை. மார்கழி முடியும் முன்னே நீங்கள் போய்விட்டீர்கள். காரியத்தன்று உங்கள் மகன் வந்தவர்களிடம், அம்மா அந்தமான் கடலுக்குள் இறங்கி மீனெல்லாம் பார்த்தவங்க, அந்த ஒரு ஆசையாவது நிறைவேறியது, கலா அக்காவுக்குத்தான் நன்றி சொல்லணும் என்றான். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவனிடம் இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை. சொல்லப் போவதும் இல்லை.

காலம் ஆற்றும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை, ஆறும் என்ற நம்பிக்கையும் இல்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று என் வீட்டுக்காரர் ஒருமுறை ஆறுதலுக்குச் சொன்னார். விதி தட்டிவிட்டால் அப்படிச் சொல்லலாம். வியாழக்கிழமை உங்கள் கையில் இருந்த கண்ணாடியைப் பைக்குள் வைக்கச் சொன்னது நான். மறுபடி ஒருநாள் நான் மட்டும் போய் இறங்கிப் பார்த்துவிட்டு வரலாம் என்று அவர் சொல்கிறார். பார்த்து யாரிடம் சொல்ல?

இப்போது ஆபீசில் அந்தமானுக்கு எல்.டி.சி. போடுகிறவர்கள் எல்லோரும் என்னிடம்தான் வருகிறார்கள். எந்தக் கரை நல்லது, மணலா பாறையா, காற்று எந்தப் பக்கம் என்று எல்லாம் சொல்லி, அவர்கள் போகிற தேதி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மணி எழுதிக் கொடுக்கிறேன். போய்விட்டு வந்து படம் காட்டுகிறார்கள். மூக்குக் கண்ணாடி இல்லை, அப்புறம் பார்க்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று உங்களிடம் மட்டும் சொல்கிறேன். காலையில் எழுந்ததும் போனை எடுத்து, நீல் தீவில் அன்றைக்குத் தண்ணீர் ஏறும் மணியைப் பார்க்கிறேன். ஒருநாள்கூடத் தவறியதில்லை. இன்று பத்து நாற்பது. அந்த நேரத்தில் நான் இந்த வார ஷிப்ட் சார்ட்டைப் போட்டு முடித்துப் போர்டில் ஒட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் இடத்துக்கு ஆபீசில் இன்னும் யாரையும் போடவில்லை.